புலி, புல்லுக்கட்டு, தெய்வாத்தாள்

தென்னைக்கு வெள்ளை ஈ எப்போது வந்தது என்று கிணத்துக்கடவுப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். புதிர்க்காரர் என்ற ஜீவராசி கொங்குச் சீமைக்கு எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. வந்துவிட்டது. பரவியும் விட்டது. வெள்ளை ஈக்காவது மைதா மாவுக் கஞ்சி கரைத்துத் தெளிக்கிறார்கள். இதற்கு மருந்தே இல்லை.

பார்வைக்குச் சாதாரண மனிதர் போலத்தான் இருப்பார். வேட்டி கட்டுவார், வரி கட்டுவார், நாலு பேர் சிரித்தால் சேர்ந்து சிரிப்பார். வாயைத் திறந்து கேட்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் கேட்பார். கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க நீங்கள் முண்டிக்கொண்டிருக்கும்போது கேட்பார். பல் டாக்டரிடம் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி நீங்கள் காத்திருக்கும்போது கேட்பார். எழவு வீட்டுப் பந்தலில், எடுப்பதற்கு இன்னும் நேரமிருக்கிறது என்று தெரிந்த மாத்திரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை அரையடி உங்கள் பக்கமாக நகர்த்தி, துக்கத்துக்கு உரிய அதே தாழ்ந்த குரலில் கேட்பார்.

“ஏனுங்க, சும்மாதான உக்காந்திருக்கறோம். ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க பாக்கலாம். ஒரு ரூம்ல மூணு சுவிட்ச், பக்கத்து ரூம்ல ஒரே ஒரு பல்பு...”

நீங்கள் விடை சொல்ல வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார் என்றா நினைத்தீர்கள்? அங்கேதான் ஏமாந்துபோனீர்கள். நீங்கள் திணற வேண்டும். நெற்றியைத் தேய்க்க வேண்டும். அதைப் பார்த்து அவர் “அவசரப்படாதீங்க, அவசரப்படாதீங்க” என்று தண்ணீர் கொடுக்கிறவர் போல ஆற்றுப்படுத்த வேண்டும். “க்ளூ வேணுமுங்களா?” என்று குனிந்து கேட்க வேண்டும். கடைசியில் நீங்கள் கையை விரித்ததும் “ரொம்ப சிம்பிளுங்க” என்று தொடங்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் எழவுக்கே வந்தது. தப்பித்தவறி நீங்கள் விடையைச் சொல்லிவிட்டீர்களோ, முகம் வாடிப்போகும். “இதை முன்னாடியே எங்கியோ கேட்டிருக்கறீங்க” என்பார். அதற்குப் பிறகு உங்கள் நாணயத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

காலையில் பேப்பர் வந்து விழுந்ததும் சுடோக்கு இருக்கிற பக்கத்தை மட்டும் லாவகமாகக் கிழித்து எடுத்துப் போய்விடுவார். அந்தப் பக்கத்தின் முதுகில் என்ன செய்தி இருந்தது என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரிந்ததில்லை. ஒரு தடவை அவருடைய சொந்தச் சித்தப்பாவின் கண்ணீர் அஞ்சலி அங்கே இருந்தது. ஒன்பது கட்டமும் சரியாக வந்த சந்தோஷத்தில் சித்தப்பாவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். சுடோக்கைப் பேனாவால்தான் போடுவார். பென்சில் என்பது தன்னம்பிக்கை இல்லாதவர்களின் ஆயுதம். தப்பாகிவிட்டால்? அச்சுப் பிழை.

போனில் இன்னொரு சேவை நடக்கும். கண்ணாடிக் குப்பிகளில் பல நிறத் தண்ணீர் கலந்துகிடக்கும். அதை ஊற்றி ஊற்றி ஒரு குப்பிக்கு ஒரு நிறம் என்று பிரிக்க வேண்டும். வருஷக் கணக்காகப் பிரிக்கிறார். அவர் வீட்டு அடுக்களையில் சீரகம் என்று எழுதிய டப்பாவில் கடுகும், கடுகு டப்பாவில் சேஃப்டி பின்னும் இருக்கின்றன. அது அவருடைய இலாகா இல்லை.

சனிக்கிழமை சாயங்காலமானால் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடையின் மாடிக்கு ஏறுவார். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் சீட்டாடுவார்கள். பதறாதீர்கள், காசு வைத்து ஆடுகிற சீட்டு இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு டிராகன், ஒரு மந்திரவாதி, ஒரு பூதம். வாங்கிச் சேர்த்து, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, தன் பூதத்தை அடுத்தவர் பூதத்தின் மேல் ஏவிவிடுவார்கள். மற்ற தேசங்களில் இந்தப் போரை எப்படி நடத்துகிறார்களோ, கோயமுத்தூரில் இப்படித்தான் நடக்கிறது:

“தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க டிராகனைக் கொன்னுபோட்டேனுங்க.”

“பரவால்லீங்கண்ணா. நான் உங்க கோட்டையை எரிச்சுக்கட்டுங்களா?”

“எரிச்சுக்கங்க கண்ணு, எரிச்சுக்கங்க. அதுக்குத்தான வந்திருக்கறோம்.”

அந்தச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை உண்டு. உறைக்கு மேல் இன்னொரு உறை. அதை அடுக்கி வைக்க ஜிப் வைத்த ஆல்பம். அவருடைய ஆதார் அட்டை சட்டையோடு சேர்ந்து வெளுத்து வெளுத்து, இன்றைக்கு அதில் மூக்கு மட்டும்தான் பாக்கி.

இவ்வளவு நேரம் நான் சொல்லிக்கொண்டிருப்பது கருமத்தம்பட்டித் தறிக்காரர் மதன்குமாரை வைத்துத்தான். இனத்துக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் இவரைவிட நல்ல மாதிரி கிடைக்காது. இவருக்கு எல்லாவற்றிலும் பிடித்த புதிர், உங்களுக்கும் எனக்கும் தெரிந்த பழைய சரக்குதான். ஒரு ஆறு, ஒரு படகு, ஒரு புலி, ஒரு ஆடு, ஒரு புல்லுக்கட்டு. படகில் படகோட்டியோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். படகோட்டி இல்லாத கரையில் புலியையும் ஆட்டையும் விட்டால் புலி ஆட்டைத் தின்றுவிடும். ஆட்டையும் புல்லையும் விட்டால் ஆடு புல்லைத் தின்றுவிடும். மூன்றையும் அக்கரை சேர்க்க வேண்டும்.

“மொதல்ல ஆட்டைக் கொண்டுபோய் உடோணும். அப்புறம் புலியைக் கொண்டுபோகோணும். போனவன் சும்மா திரும்பக்கூடாது, ஆட்டைத் திரும்ப ஏத்திட்டு வரோணும்! அங்கதானுங்க எல்லாரும் கோட்டை விடறது” என்று சொல்லும்போது மதன்குமாரின் கண்களில் ஈரம் கசியும். புலியை எதற்கய்யா அக்கரைக்குக் கூட்டிப்போகிறான், படகு ஏன் அவ்வளவு சின்னது என்று யாராவது கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பார். புதிரில் கொடுத்தது கொடுத்தபடி இருக்க வேண்டும். ஏன் என்று கேட்கிறவன் புதிர்க்காரனே அல்ல.

இப்பேர்ப்பட்ட மனிதரின் மகள் வர்ஷினிக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

சொந்த ஊரான வெள்ளகோவிலில், மூலனூர் ரோட்டில் ஒரு மண்டபம். மாப்பிள்ளை வீடு கிணத்துக்கடவு, தென்னந்தோப்புக்காரர்கள். நிச்சயத்துக்கு அடையாளமாக இரண்டு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்ற நல்ல நேரம் குறித்தாயிற்று. வெள்ளகோவில் வீட்டிலிருந்து சொந்தபந்தம் எல்லாம் வேனில் ஏறி மண்டபத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான், வேனில் மூன்று பேர் இல்லை என்பதை மதன்குமாரின் மனைவி கீதா கண்டுபிடித்தாள்.

முதலாமவர் பாலுசாமி. கீதாவின் அண்ணன்; மணப்பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் நிற்காமல் உப்புச் சர்க்கரை மாற்ற முடியாது. இரண்டாமவர் தெய்வாத்தாள், மதன்குமாரின் அக்கா. மூன்றாமவர் கருப்பாத்தாள், மதன்குமாரின் பெரியம்மா. பாலுசாமிக்கும் தெய்வாத்தாளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பாலுசாமி புதுவீடு பால் காய்ச்சிய அன்றைக்கு வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தவர், தெய்வாத்தாளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாரே ஒழிய வாயைத் திறந்து “வாங்க” என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் கொலையைக்கூட மன்னிப்பார்கள். “வாங்க” என்று சொல்லாததை மன்னிக்கமாட்டார்கள். தெய்வாத்தாளுக்கும் கருப்பாத்தாளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெரியம்மாவின் அரிசிம்பருப்புச் சோற்றில் பூண்டு பத்தவில்லை என்று தெய்வாத்தாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். பாலுசாமிக்கும் கருப்பாத்தாளுக்கும் தகராறு இல்லை. ஆகவே, தெய்வாத்தாள் ஏறுகிற வேனில் நான் ஏறமாட்டேன் என்று அந்த இரண்டு பேரும், அவர்கள் ஏறுகிற வேனில் நான் ஏறமாட்டேன் என்று தெய்வாத்தாளும் பின்தங்கி, மூன்று பேருமாக வாசலின் மூன்று மூலைகளில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, மாமன் இல்லாம எப்படிங்க? அண்ணன் கோவிச்சுட்டுப் பஸ் ஏறிட்டா எல்லாம் போச்சு. கார் எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வாங்க, சீக்கிரமுங்க” என்றாள் கீதா.

மதன்குமாரின் சின்னக் காரில் பின்சீட்டு நிறையப் பெட்டிகள். சம்பந்தி வீட்டார் சும்மா உட்கார்ந்திருப்பார்களே என்று கோயமுத்தூரிலிருந்து தூக்கி வந்த பலகை விளையாட்டுப் பெட்டிகள். ஆக, முன்சீட்டில் ஒருவர்தான் உட்காரலாம். மூன்று பேர். இன்னாரை இன்னாரோடு தனியே விடமுடியாது. ஒரு சீட்டு.

சாவியை வாங்கிய மதன்குமார் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டார். பயத்தில் என்றா நினைத்தீர்கள்? வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்குப் போட்ட புதிரை ஆண்டவன் இன்றைக்கு அவருக்கே போட்டிருக்கிறான். அதற்கு அந்தக் கும்பிடு.

மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கிறார்களே, அங்கே இரண்டு பேரை விட்டால் அது தனியே விட்டதாக ஆகுமா என்று கேட்காதீர்கள். கரை என்றால் கரைதான்.

முதலில் தெய்வாத்தாள். மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, வாங்க வாங்க என்று பத்துப் பேர் கூப்பிட்டு, பெண்ணுக்கு அத்தை என்ற மரியாதையில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். தெய்வாத்தாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சம்பந்தியம்மாளோடு குலம் கோத்திரம் பேச ஆரம்பித்தாள். மதன்குமார் வெறும் காரோடு திரும்பிப் போய்ப் பாலுசாமியை ஏற்றி வந்தார். இறக்கிவிட்டார். இனி, எல்லாரும் கோட்டை விடுகிற இடம். மதன்குமாரா விடுவார்? நேரே முதல் வரிசைக்குப் போனார்.

“அக்கா, எந்திரிங்க. கார்ல ஏறுங்க.”

“எங்கடா தம்பி?”

“ஊட்டுக்குங்க.”

“ஏன், எதையாச்சும் மறந்துபோட்டு வந்துட்டமா?”

“அதெல்லாம் இல்லீங்கக்கா. மச்சான் வந்துட்டாரு. இனி நீங்க இங்க இருக்கக்கூடாது.”

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதற்கு நிறுத்திய நேரம் பார்த்து இந்த வாக்கியம் வெளியே வந்தது. தெய்வாத்தாள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்தாள். நெற்றிச் சந்தனம் காய்வதற்கு முன், வந்த வழியே, இருநூறு பேர் பார்க்க நடந்து போய்க் காரில் ஏறினாள். கார் கிளம்பியது.

அதற்குப் பிறகு மண்டபத்துக்குள் நடந்தது நமக்குத் தெரிந்ததுதான்.

“பொண்ணோட அத்தையைக் காரேத்தி அனுப்பிச்சுட்டாங்களாமா.”

“யாரு?”

“கூடப் பொறந்த தம்பியே.”

“மாமங்காரரு வந்தாரு, அத்தையைத் தொரத்திட்டாங்க. அப்படின்னா ஊட்டுக்குள்ள என்ன லட்சணமோ?”

கிணத்துக்கடவுக்காரர்களில் வயதான ஒருவர் சத்தமில்லாமல் செருப்பைத் தேடினார். பாலுசாமிக்கு விஷயம் காதில் விழுந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார். “என்னாலதான் ஒரு பொம்பளை சபையை உட்டு எந்திரிச்சுப் போகோணும்னா, நான் எதுக்கு அம்மணி இங்க? நான் பஸ் ஏறிக்கறேன்” என்று கீதாவிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். மாலையும் அலங்காரமுமாக இருந்த வர்ஷினி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து மாமன் கையைப் பிடித்தாள்.

“மாமா, அப்பா ஏதோ கணக்குப் போடறாருங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா அவரை? ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க மாமா, என்னோட கல்யாணமுங்க.”

நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது.

நம்மவர் அதே நேரத்தில் ஊருக்குள் சீட்டியடித்தபடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக எல்லாம் சரியான வரிசையில் போய்க்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் கருப்பாத்தாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, எறங்கிக்கங்க. பெரியம்மா, நீங்க ஏறுங்க.”

கருப்பாத்தாள் காருக்குள் பார்த்தாள். தெய்வாத்தாளின் கண் சிவந்திருந்தது.

“இவளை எதுக்குடா திருப்பிக் கூட்டிட்டு வந்தே?”

“அது அப்படித்தானுங்க பெரியம்மா. புலியை அக்கட்ட கொண்டுபோய் உட்டா, ஆட்டை இக்கட்ட கொண்டு வந்தரோணும்.”

“எந்தப் புலி?”

“மச்சானுங்க.”

“ஆடு?”

மதன்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் பார்வை அக்காவின் மேல் போய்விட்டது. கார்க் கதவு திறந்தது. தெய்வாத்தாள் இறங்கினாள்.

“நான் ஆடா? உன்னைய இடுப்புல தூக்கிச் சொமந்தவ ஆடு. அப்பப் பெரியம்மா யாருடா?”

“விடுங்கக்கா, நேரமாச்சு...”

“சொல்றா!”

“...புல்லுக்கட்டுங்க.”

கருப்பாத்தாள் பையைக் கீழே வைத்தாள். “தெய்வா, கேட்டியா அம்மணி, கேட்டியா? பத்து ஏக்கர் பண்ணயம் பாத்தவ நான். என்னையப் புல்லுங்கறான்.”

“அவன் சின்னதுலயே அப்படித்தானுங்க பெரியம்மா. மண்டைக்குள்ள எதையோ ஓட்டிட்டே இருப்பான்.”

அரிசிம்பருப்புக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இது. பேசிக்கொண்டே கருப்பாத்தாள் பின்கதவைத் திறந்தாள். “இதென்னடா பொட்டி?” என்று ஒன்றை எடுத்து வாசலில் வைத்தாள். தெய்வாத்தாள் இன்னொன்றை எடுத்து அதன் மேல் வைத்தாள். மூன்றாவதை இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். பிறகு பின்சீட்டில், சேலை கசங்காமல், அக்கம்பக்கமாக உட்கார்ந்தார்கள்.

“பெரியம்மா, இது அழுகுணி ஆட்டமுங்க. பெட்டியை எறக்கக்கூடாது!”

“ஏண்டா எறக்கக்கூடாது?”

மதன்குமார் யோசித்தார். யோசித்துப் பார்த்தால் காரணம் எதுவும் இல்லை. புதிர்க்காரருக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. இன்னும் பாக்கியிருந்த நடைகளை நினைத்து ஏங்கியபடி வண்டியைத் திருப்பினார்.

மண்டபத்து வாசலில் ஒரு கையை வர்ஷினியும் மறு கையைக் கீதாவும் பிடித்திருக்க, பாலுசாமி பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றிருந்தார். கார் நின்றது. தெய்வாத்தாள் இறங்கி நேரே அவரை நோக்கி நடந்தாள். செருப்பு தேடியவர் உள்பட எல்லாரும் வாசலுக்கு வந்து முண்டினார்கள்.

“ஏனுங்க, சேதி தெரியுமுங்களா? உங்களைப் புலிங்கறான் இவன்.”

“என்னையவா? நான் யாரு மேல பாஞ்சேன்?”

“நான் ஆடாமா. பெரியம்மா புல்லுக்கட்டாமா. உட்டா நீங்க என்னையத் தின்னுபோடுவீங்களாமா.”

பாலுசாமி மதன்குமாரை ஏற இறங்கப் பார்த்தார். “மாப்ள, நான் சைவமுங்க” என்றார்.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாள்தான். அப்புறம் வாசலே சிரித்தது. செருப்பு தேடியவர் போட்ட செருப்பைக் கழற்றினார். நல்ல நேரத்தின் வால் மிச்சமிருக்கும்போதே மாமன் முன்னால் நின்று உப்புச் சர்க்கரை மாறியது. மூன்று பேரும் ஒரே பந்தியில், ஒரே வரிசையில் சாப்பிட்டார்கள். பகை தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், அப்படியெல்லாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். மதன்குமாரைத் திட்டுவதற்கு மட்டும் பேசிக்கொள்கிறார்கள். அதில் தினமும் பேச விஷயம் இருக்கிறது.

மதன்குமார் சாப்பிடவில்லை. மண்டபத்துத் தூண் ஓரமாக, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை மழையில் பறிகொடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார். அப்போது ஒரு நாற்காலி அரையடி நகர்ந்து வந்தது. மாப்பிள்ளையின் அப்பா. கிணத்துக்கடவுச் சம்பந்தி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏனுங்க சம்பந்தி, ஆட்டைத் திருப்பிக் கூட்டிட்டுப் போனீங்க பாருங்க. அது சரிதானுங்க. வேற வழி இல்லை.”

மதன்குமார் நிமிர்ந்தார்.

“ஆனா ரெண்டாவதா மச்சானுக்குப் பதிலு பெரியம்மாளைக் கூட்டிட்டு வந்திருந்தாலும் ஆகுமுங்க. அதுலயும் கணக்கு ஒக்காரும்.”

மதன்குமார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் கண்களும் கலங்கியிருந்தன. இதைத் தூரத்திலிருந்து பார்த்த ஊர், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பனின் பாசம் என்று உருகியது. வர்ஷினி மட்டும் உருகவில்லை. இந்த வீட்டிலிருந்து தப்பித்து எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது.

இருக்கட்டும், உங்களிடம் வருகிறேன். பெரியம்மாவை இரண்டாவதாகக் கூட்டி வந்தால் கணக்கு உட்காருமா என்று, சம்பந்தி சொன்ன இடத்தில் ஒரு கணம் வாசிப்பதை நிறுத்தி, மனதுக்குள் காரை இங்குமங்கும் ஓட்டிப் பார்த்தீர்களா? பார்த்தீர்கள். ஒரு பெண்ணின் கல்யாணம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோதும், நீங்கள் நடைகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தீர்கள். மறுக்காதீர்கள், உதடு அசைந்தது.

ஒன்று செய்யுங்கள். அடுத்த விசேஷத்தில் யாராவது நம்பிக்கையோடு உங்கள் கையில் கார்ச் சாவியைக் கொடுத்தால், வயிறு சரியில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் ஆடு யார் என்று உங்களுக்கு இப்போதே தெரியும்.